கொள்ளி வெச்ச வாத்தியாரு

…நீங்களே சொல்லுங்க, மூட்டையைத் தூக்கி பஸ்சுக்கு மேல போடுங்கறானே இந்தக் கண்டக்டரு, போட்டா நிக்குமா? இந்த வளைவுல டிரைவரு ஒரு ஒடி ஒடிச்சான்னா மூட்டை நேரா போடிக்கே திரும்பிப் போயிருமுங்க. அப்பறம் எதைக் கொண்டுட்டுப் போயி அந்த வாத்தியாரு முன்னால நிப்பேன் நானு? ஏனுங்க… உங்க காலு மேலயா இருக்குது? அட, சொல்லப்படாதுங்களா! இந்தா, நகத்திப்போட்டேன். கெழங்குதானுங்க. குச்சிக்கெழங்கு. அரை மூட்டை. பள்ளிக்கூடத்துப் புள்ளைக குடுத்து உட்டதுங்க, நான் கொண்டாரோணும்னு கொண்டாரலை.

நேத்துக் காத்தால பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில பஸ் ஏறுனவனுங்க. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல்லு, தேனி, போடி… கேரளத்துலேர்ந்து கேரளத்துக்குப் போறதுக்குத் தமிழ்நாட்டையே ஒரு சுத்து சுத்தியாச்சு. இடுப்பு கழண்டு தனியா வருது. இப்ப இந்த மலை வேற. சன்னல் பக்கம் பாத்தா பள்ளம், இந்தப் பக்கம் பாத்தா உங்க மூஞ்சி. தப்பா நெனைக்காதீங்க, பள்ளத்தைப் பாத்தா எனக்குக் கொமட்டுது, அதனால உங்க மூஞ்சியையே பாத்துட்டு வர்றேன். எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன், மோந்துக்கறீங்களா? வேண்டாமா? மலைக்காரருங்களா நீங்க? ஏலத்தோட்டமா… அதான், அசையாம உக்காந்துட்டு வர்றீங்க.

நானா? நான் விவசாயிங்க. பேரு பொங்கியண்ணன். நாலு ஏக்கரா நெல்லு, கொஞ்சம் கடலைக்காடு. எனக்கு இந்த மலையில என்ன வேலைன்னு கேப்பீங்க. நீங்க கேக்கலை, சரி, நானே சொல்றேன். போடிமெட்டுக்கு அக்கட்ட ஒரு ஹைஸ்கூலு இருக்குதாமா. அங்க சாம்பசிவன்னு ஒரு வாத்தியாரு. எங்கூருலேர்ந்து போன நவம்பருல மாத்தலாயி இங்க வந்தவரு. அவரைக் கையோட கூட்டிட்டுப் போகோணும். அவரு வரலீன்னா எங்க பள்ளிக்கூடத்துல விவசாயப் பாடத்தையே எடுத்துருவாங்களாமா. என்ற மக மருதாத்தா வர்ற வருசம் பத்தாவதுங்க. அந்தப் பாடம் எழுதி, மண்ணுத்தி காலேசுக்குப் போயி விவசாயப் படிப்பு படிக்கோணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. பாடமில்லீன்னா படிப்பு போதும், ஊட்டுல இருக்கட்டும்னு அவ அம்மா முத்தாத்தா இப்பவே ஒறம்பரைகளுக்குச் சொல்லிட்டுத் திரியறா. அதுக்குத்தானுங்க இந்த அலைச்சலு.

என்னங்க, பேரைச் சொன்னதும் வெடுக்குன்னு திரும்பறீங்க? தெரியுங்களா அவரை? …இல்லீங்களா. சரி, சரி.

இந்த விவசாயப் பாடத்தைக் கண்டுபுடிச்சவன் எவன்னு எனக்குத் தெரிஞ்சாகோணுமுங்க. ஏனுங்க, நாம எதுக்குப் புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோம்? நாலு எழுத்து படிச்சு, நெழல்ல உக்காந்து, பேனா புடிச்சு வேலை செய்யட்டும்னுதானே? மம்முட்டி புடிக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? அது ஊட்டுலயே கெடக்குதே, மூலைக்கு மூலை! காளைக்குத் தண்ணி காட்டறது, களை எடுக்கறது, இதையெல்லாம் ஒருத்தரு கரும்பலகையில படம் போட்டுச் சொல்லித் தர்றாருங்களாமா. பரீச்சை வேற. "களை எத்தனை வகைப்படும்?" எங்க காட்டுல எல்லா வகையும் இருக்குது, வந்து எண்ணிக்கங்கன்னு சொன்னேன்.

அந்த வாத்தியாரு எந்த ஊருங்கறீங்க? கல்பாத்திங்க! அக்கிரஹாரத்து ஆளு. அவங்க ஆளுக எல்லாரும் பேங்கு, ரயிலாபீசு, டெல்லி, பம்பாய்னு போயிட்டு இருக்கறப்ப, இவரு ஒருத்தரு விவசாயம் படிச்சுப்போட்டு மம்முட்டியோட எங்கூருக்கு வந்து நிக்கறாரு. வேட்டியைத் தாறு பாச்சிக் கட்டி, பூணூலு மேல பனியனு, காலெல்லாம் சேறு. எங்காளுக பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு… நானும் சிரிச்சனுங்க. பொய் சொல்லலை. எங்க பக்கம் வாத்தியாரை மாஷ்னுதான் கூப்புடுவோம். மொத நாளு அவரு மம்முட்டியப் புடிச்ச புடியைப் பாத்து, "ஏனுங்க மாஷே, அது குடையில்லீங்க"ன்னு சத்தம் போட்டுச் சொன்னேன். புள்ளைக அத்தனையும் சிரிச்சுப்போச்சு. அவரும் சிரிச்சாரு. அதுதானுங்க எனக்குப் புடிக்கலை. நாம எகத்தாளம் பண்ணுனா மனுசனுக்குக் கோவம் வரோணுமா வேண்டாமா?

சைக்கிள்ல ஊடு ஊடா வருவாருங்க. பொழுதோட, நாம கைகாலு கழுவிட்டு உக்காந்திருக்கற நேரமாப் பாத்து. "உங்காத்துக் கொழந்தையைக் கிருஷி கிளாஸ்ல சேருங்கோ. வேண்டாம்னு சொல்லப்படாது"ம்பாரு. விவசாயத்துக்கு அவரு பேரு கிருஷி. தண்ணி குடுத்தா குடிப்பாரு. மோரு குடுத்தா வேண்டாம்பாரு. எங்க ஊட்டுக்கு மட்டும் ஏழு தடவை வந்தாருங்க. ஏழாவது தடவை மருதாத்தா உள்ள இருந்து, "நான் சேந்து ஏழு நாளாச்சுங்க சார்"னு சொல்றா. எனக்கே தெரியாம! அப்பனுக்குத் தெரியாம பொட்டப்புள்ள விவசாயம் படிக்குதுங்க. வேற ஊட்டுல எல்லாம் அப்பனுக்குத் தெரியாம சினிமாவுக்குப் போவாங்க.

ஐயோ, இது எத்தனாவது வளைவுங்க? ரெண்டு கை வெரலும் முடிஞ்சுபோச்சு… புடிச்சுக்கறேன், உங்க தோளைப் புடிச்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

அப்பறம் அந்த முட்டைச் சமாச்சாரம். அதைச் சொல்லலீன்னா உங்களுக்கு வெளங்காது. வெதைப்புக்கு மொத நாளு காத்தால காட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன், வாசல்ல பெரிய அண்டா. அண்டா நெறையத் தண்ணி. தண்ணிக்குள்ள உப்பு. ரெண்டு படி உப்பு! அதுல ஒரு கோழி முட்டை மெதக்குது. என்ற மக, நான் பொத்திப் பொத்தி வெச்சிருந்த வெத நெல்லை அள்ளி அள்ளி அதுக்குள்ள போடுது. எனக்கு எப்பிடி இருக்குமுங்க? கத்துனேன். ஊரே கூடிப்போச்சு. "அப்பா, மெதக்கறதெல்லாம் பொக்குங்க. அடியில போற நெல்லுதான் வெதைக்கு ஆகும்ங்க. முட்டை மெதந்தா உப்பு சரியா இருக்குதுன்னு கணக்குங்க"ங்கறா. அந்த மாஷ் சொன்னதாமா. "நாப்பது வருசமா எங்கப்பனும் நானும் வெதைக்கறோம், எந்தக் கோழியக் கேட்டு வெதைச்சோம்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அவ சளைக்கலைங்க. கொளத்தோரம் பத்து செண்டு எனக்குக் குடுங்க, நான் என்ற நெல்லைப் போடறேன், மீதியில நீங்க உங்க நெல்லைப் போடுங்கன்னா. நானும் வீம்புக்குக் குடுத்தேன்.

என்ன ஆச்சுன்னு கேளுங்களேன். …கேக்க மாட்டேங்கறீங்க. அவ பத்து செண்டு நாத்தும் ஒண்ணு போல நிக்குதுங்க, சீப்பு வெச்சுச் சீவுன மாதிரி. என்றது அங்கங்க சொட்டை. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரன் எல்லாம் வரப்புல நின்னு பாக்கறான். ஒருத்தன் என்கிட்ட வந்து, "பொங்கியண்ணா, உங்க கோழி முட்டை கெடைக்குமா?"ங்கறான்! நெஞ்சு எரிஞ்சுபோச்சுங்க. மக ஜெயிச்சா அப்பனுக்குச் சந்தோசம்பாங்க. நாலு பேரு பாக்க ஜெயிச்சாச் சந்தோசமில்லீங்க, உள்ளதைச் சொல்றேன்.

அந்தக் கோவத்துல இருக்கறப்பத்தானுங்க கொள்ளி வந்துது.

ஜூன் மாசம். மொத மழை. நான் சோத்துல கைய வெச்சிருக்கறேன். மருதாத்தா பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடியாந்து சொல்றா: "அப்பா, நாளைக்கு மாஷ் எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துல கொள்ளி வெக்கச் சொல்லியிருக்காருங்க. ஆளுக்கு ரெண்டு கொள்ளி கொண்டு போகோணும்"னு.

கையில எடுத்த சோத்தைத் தட்டுலயே போட்டுட்டனுங்க. நம்ம ஊட்டுல கொள்ளி வெக்கறதுன்னா என்னங்க? சுடுகாட்டுல, பெத்தவனுக்கு, ஆம்பளப் புள்ள வெக்கறது. எனக்கு ஆம்பளப் புள்ள இல்லீங்க, இவ ஒருத்திதான். முத்தாத்தா அடுப்படியிலேர்ந்து "ஐயையோ, ஆரு செத்தா?"ன்னு ஓடியார்றா. கரண்டியோட! அப்பறம் மெதுவாத்தான் வெளங்குச்சு. குச்சிக்கெழங்குங்க! நாம குச்சிக்கெழங்குங்கறோம், எங்க பக்கத்து மலையாளத்தாளுக கப்பைங்கறாங்க. இந்த மனுசனோட அம்மா ஊடு திருச்சூரு பக்கமாமா, அங்க அதுக்குப் பேரு கொள்ளி. அவரு தமிழு பேசறவருதான். ஆனா அவரு தமிழு வேற, நம்ம தமிழு வேற. "நாளைக்குக் கொழந்தைகள் எல்லாரும் கொள்ளி வெக்கணம்"னு அவரு பாட்டுக்குச் சொல்லிட்டாரு. எங்கூருல அன்னைக்கு ராத்திரி நாப்பது ஊட்டுல சோறு எறங்கலை.

அடுத்த நாளு நான் அந்தப் பக்கம் போறேன், என்னப் பாத்துக் கையாட்டிக் கூப்புடறாரு. "பொங்கியண்ணன்! உங்க மகள் எத்தனை நன்னாக் கொள்ளி வெக்கறாள் தெரியுமோ? எல்லாரைக் காட்டிலும் மொதல்ல வெச்சுட்டாள்!" என்கிட்டயே ரோட்டுல நின்னுக்கிட்டுச் சொல்றாருங்க, சிரிச்ச மொகமா! நான் உசுரோட நிக்கறேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. போடியிலேர்ந்து இப்பத்தான் ஒரு பல்லு தெரியுது.

இன்னொண்ணும் இருக்குதுங்க, அதையும் சொல்லிப்போடறேன். அவரு கொள்ளி வெச்ச எடம் பள்ளிக்கூடத்துக்குப் பொறவால முப்பது செண்டு. பொறம்போக்கு மாதிரி சும்மா கெடந்துது. சும்மான்னா… என்ற எருமைக ரெண்டும் அங்கதான் மேஞ்சிட்டு இருந்துச்சு. பதினோரு வருசமா. எருமைக்கும் அது எங்க காடுன்னே நெனைப்பு. வேலி போட்டுட்டாருங்க. எருமை வேலி ஓரத்துல நின்னு கத்துது, உள்ள என்ற மக தண்ணி ஊத்துது. ரெண்டையும் பாத்துட்டு நிக்கறவனுக்கு எப்பிடி இருக்கும்?

அந்தச் சமயத்துல யாரோ ஒருத்தரு பாலக்காட்டுப் பள்ளிக்கூட ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப் போட்டுட்டாங்க. இந்த வாத்தியாரு மேல. யாரோ… ஊருல பல பேருக்கு ஆகலைங்க அவரை.

என்னங்க, சட்டைப் பாக்கெட்டையே புடிச்சுட்டு வர்றீங்க? நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா? எலுமிச்சம்பழம்… இல்லீங்களா. சரி.

…சரி, உங்ககிட்ட என்னத்த மறைக்கறது. மேல போயிட்டா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாந்தானுங்க எழுதுனேன். எழுதுனேன்னா, எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. சித்தூரு கோர்ட்டு முன்னால மரத்தடியில மனு எழுதற ஒரு ஆளு இருக்காரு. அவருகிட்ட உக்காந்து சொன்னேன். கெழங்குன்னு தெரிஞ்சேதானுங்க சொன்னேன்! அங்கதான் என்ற புத்தியப் பாருங்க. கெழங்குன்னு சொன்னா ஆபீசரு கண்டுக்க மாட்டாரு. கொள்ளின்னு சொன்னா வெலவெலத்துப் போவாருன்னு நெனச்சேன்.

"ஐயா, இந்த வாத்தியாரு வந்ததுலேர்ந்து பள்ளிக்கூடம் முச்சூடும் கொள்ளி. பொட்டப்புள்ளைக கையிலயும் கொள்ளியக் குடுத்துட்டாரு. படிக்க வந்த புள்ளைகளை வெச்சே கொள்ளி வெக்கறாரு. இப்பிடியே உட்டா எங்கூரு முச்சூடும் கொள்ளி வெச்சுப்போடுவாரு. இவருக்கு வேண்டியதை உடனே செய்யோணும்." இதுதானுங்க நாஞ் சொன்னது. அந்த ஆளு ஒரு எழுத்துக் கூட்டலை, ஒரு எழுத்துக் கொறைக்கலை. எழுதி முடிச்சு வாசிச்சுக் காமிச்சாரு. அவரு மலையாளத்துல வாசிக்கறாரு, எனக்குத் தமிழ்ல கேக்குது. "சரியோ?"ன்னாரு. "ரொம்பச் சரி"ன்னேன். கையெழுத்துப் போட்டேன். பேரு, தகப்பனாரு பேரு, ஊடு, எல்லாம் வெவரமா.

அந்த ஆபீசரும் திருச்சூரு பக்கத்து ஆளாமா, இப்ப அதை அவரா உக்காந்து படிங்க. படிச்சுப் பாருங்களேன்! அப்ப ரேசன்ல அரிசி இல்லாத நேரம். கெழங்கு நடுங்க, கெழங்கு நடுங்கன்னு சர்க்காரு தொண்டை கிழியக் கத்திட்டு இருக்குது. அந்த நேரத்துல ஒரு விவசாயி, எங்கூரு பள்ளிக்கூடம் முச்சூடும் கெழங்கு, பொட்டப்புள்ளைக கூட நடுது, விட்டா ஊரு முச்சூடும் நட்டுருவாரு, இந்த மாஷுக்கு வேண்டியதைச் செய்யுங்கன்னு எழுதியிருக்கான். அந்த ஆபீசரு சேர்லேர்ந்து எந்திரிச்சே நின்னுட்டாராமா!

ஒரு மாசங்கழிச்சுப் பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைகளையும் நிறுத்தி, ஹெட்மிஸ்டரசு ஜானகியம்மா டீச்சரு என்ற கடுதாசியச் சத்தமா வாசிச்சிருக்காங்க. இப்படி ஒரு கர்ஷகன், விவசாயி, நம்ம நாட்டுல உண்டான்னு கேட்டு ஆபீசரு எழுதுன கடுதாசியும் கூட. ஒரே கைதட்டலுங்க! ஊருக்கே கேட்டுச்சு. மருதாத்தா பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடியாந்துச்சு. அந்த முட்டைச் சண்டைக்கப்பறம் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாத புள்ளைங்க. வந்து, என்ற பக்கத்துல உக்காந்துச்சு. என்ற கையை எடுத்து மடியில வெச்சுக்கிச்சு. "அப்பா, நீங்க அப்பிடி எழுதுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க"ன்னுச்சு. நானும் நெனைக்கலை கண்ணுன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன்.

அதோட போச்சுங்களா? அன்னைக்குப் பொழுதோட அந்த மாஷ் சைக்கிளைச் சாத்திப்போட்டு உள்ள வர்றாரு. கண்ணு ரெண்டும் கலங்கியிருக்குது. "பொங்கியண்ணன், உங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுன்னு நான் நெனைச்சுண்டிருந்தேன். தப்பாப் போயிடுத்து. என்னை க்ஷமிக்கணம்." என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. அன்னைக்குக் குடுத்த மோரைக் குடிச்சாருங்க. முழுசா ஒரு சொம்பு. எனக்கு அந்த அண்டாவுக்குள்ள போயி மூழ்கிரலாமான்னு இருந்துச்சு.

மோரு செமிக்கறதுக்குள்ள திருவனந்தபுரத்துலேர்ந்து ஆர்டரு. இத்தனை நல்ல வாத்தியாரு ஒரே ஊருல இருந்தா எப்பிடி, இடுக்கி ஜில்லா புதுசு, மலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயும் போயி இதே மாதிரி ஆரம்பிச்சு வெக்கட்டும்னு. சம்பளமும் கூட. எழுதுனது நானு. ஏத்திவிட்டது நானு. அனுப்புனதும் நானு.

சரி, போனாரு, எருமைக்கு எடம் கெடைச்சுதுன்னு இருந்திருப்பேன். ஜானகியம்மா டீச்சரு உடலைங்களே! கூப்புட்டு உட்டாங்க. "புது மாஷ் வர்ற வரைக்கும் கிளாஸு முடங்கக் கூடாது. இத்தனை பிரியமா எழுதுன ஆளு வேற யாரு இருக்கா? சனிக்கெழமை சனிக்கெழமை நீங்க வந்து குட்டிகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்"னாங்க. முடியாதுன்னு எப்பிடிச் சொல்றதுங்க? என்ற கையெழுத்து அவங்க கையில இருக்குது!

புது மாஷ் இன்னும் வந்த பாடில்லை. நாலு சனிக்கெழமை போயிருக்கறேன். நாப்பத்திரண்டு புள்ளைக. நாப்பத்திரண்டும் கேக்கறது ஒரே வார்த்தை. "ஏன்?" குச்சியை இப்பிடி நடோணும்பேன். ஏன் சார்? கணு மேல பாத்து இருக்கோணும். ஏன் சார்? தலைகீழா நடக் கூடாது. ஏன் சார்? எங்கப்பன் அப்பிடித்தான் நட்டாருன்னேன். "உங்கப்பா ஏன் சார் அப்பிடி நட்டாரு?" அந்தக் கேள்வியக் கேட்டது ஆருங்கறீங்க? மூணாவது வரிசையில கையத் தூக்கிட்டு எந்திரிச்சு நிக்குது என்ற மக. என்னை சார்னு கூப்புடுதுங்க! எனக்கு வேர்த்து ஊத்துது. தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு வந்தவன் பின்வாசல் வழியா ஊட்டுக்கே போயிட்டேன்.

அன்னைக்குக் காட்டுல உக்காந்து ரோசனை பண்ணிப் பாத்தனுங்க. முப்பது வருசமா நடறேன். ஏன்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் ஆரையும் கேட்டதில்லை. சொன்னாங்க, நட்டேன். கேக்கலாம்னே தெரியலைங்க எனக்கு.

போன வாரம் நாலஞ்சு செடியத் தோண்டிப் பாத்தோம். ஒவ்வொரு கெழங்கும் என்ற முழங்கை நீளம். அன்னைக்குத்தான் மருதாத்தா சொன்னா, "அப்பா, நீங்க எழுதுனா ஆபீசுல கேக்கறாங்கல்ல. இன்னொரு கடுதாசி எழுதுங்கப்பா, மாஷைத் திருப்பி அனுப்பச் சொல்லி. உங்களால முடியுமுங்க." என்னை நம்பிச் சொல்லுதுங்க அது. இன்னொரு தடவை எழுதுனா அவரைக் காசுமீருக்கு அனுப்பிருவாங்க. அதான், நேருல போயிக் காலுல விழுந்தாவது கூட்டியாறேன்னு கெளம்பிட்டேன். அவளுக்கு மட்டும் நெசம் தெரியாது. தெரியாமயே இருக்கட்டும்னுதான்…

என்னங்க? பேசறீங்க! …என்னது இது, காயிதம்? இதைத்தான் பாக்கெட்டுல வெச்சுப் புடிச்சுட்டு வந்தீங்களா? படிக்கச் சொல்றீங்களா? தமிழு படிப்பனுங்க. கொஞ்சம் தள்ளிப் புடிங்க, பஸ்சு ஆடுது.

"பெருமதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அவர்களுக்கு… ஏலத்தோட்டத்துத் தொழிலாளி சுவக்கீன் எழுதிக்கொள்வது…" நீங்கதானா சுவக்கீன்? "நாங்கள் காட்டில் படும் பாடு எங்கள் பிள்ளைகள் படக்கூடாது என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறோம். இந்த ஆசிரியர் அங்கேயும் அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறார். என் மகள் கையில் கொப்புளம். ஆகவே ஆசிரியர் சாம்பசிவன் அவர்களை… வந்த ஊருக்கே… திருப்பி அனுப்ப வேண்டுமாய்…"

அட.

வந்த ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாய். போடியில எழுதி வாங்குனீங்களா? நல்லா எழுதியிருக்கான். கொள்ளியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பளிச்சுன்னு இருக்குது. அப்ப, மூட்டை காலு மேல இருக்கறப்பவே இது உங்க பாக்கெட்டுல இருந்திருக்குது. நான் பேரைச் சொன்னப்பவே தெரியும். பொட்டாட்டக் கேட்டுட்டே வந்திருக்கீங்க!

ஏனுங்க சுவக்கீன் அண்ணா, இதை நீங்க மேல போயித் தபால் பெட்டியில போட்டீங்கன்னு வெச்சுக்கங்க, எனக்கு என்ன வேலை? நான் போயிக் காலுல விழவே வேண்டாம். அடுத்த பஸ்ல ஊட்டுக்குப் போலாம். மாஷ் பின்னாலயே வந்துருவாரு. என்ற மகளுக்குப் பாடம் உண்டு. நெசமும் வெளிய வராது. நான் இப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வாயை மூடிட்டு உக்காந்திருக்கோணும்.

…அதுதானுங்க நமக்கு வராது.

உங்க மக எத்தனாவது? எட்டாவதா. கையில கொப்புளமா. என்ற மகளுக்கும் இருந்துச்சு. ஒரு மாசத்துல காச்சுப் போயிரும், கவலைப்படாதீங்க. ஏனுங்க, ஏலக்காட்டுல தொரை இந்தச் செடியை வெட்டுங்கறாரு, நீங்க வெட்டறீங்க. ஏன்னு கேட்டிருக்கீங்களா என்னைக்காச்சும்? இல்லீல்ல? நானும் அப்பிடித்தான், எங்கப்பன் சொன்னதை நட்டவன். மம்முட்டி ஒண்ணும் பண்ணலைங்க நம்மள. கேக்காம புடிச்சோம் பாருங்க, அதுதான். அந்த மாஷ்கிட்ட ரெண்டு வருசம் இருந்த புள்ளை அப்பன்னும் பாக்காது, தொரைன்னும் பாக்காது, எந்திரிச்சு நின்னு கேக்கும். கேக்கறப்ப நமக்கு வேர்த்து ஊத்தும். வேர்க்கட்டுமே, என்ன இப்ப?

இந்தாங்க. உங்க காயிதம். கிழிக்கறதுக்கு எனக்கு என்ன பாத்தியதை? உங்க புள்ளை, உங்க இஷ்டம். போட்டீங்கன்னா எனக்கு லாபம், போடலீன்னா உங்க மகளுக்கு லாபம். நான் சொல்லிப்போட்டேன். இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

…எங்கீங்க எந்திரிக்கறீங்க? ஊரு இன்னும் வரலையே. கோவிச்சுட்டீங்களா? முன்னால காலியாக் கெடக்கற சீட்டுக்கா? போங்க, போங்க. போடியிலேர்ந்து காது வலிச்சிருக்கும், பாவம். …ஏனுங்க! அண்ணா! சன்னல்ல கைய வெளிய நீட்டாதீங்க, வளைவு வருது! என்னங்க பண்றீங்க… ஐயையோ! எறிஞ்சுபோட்டீங்களா!

போச்சு. போச்சுங்க. அதோ போறாரு பாருங்க என்ற வாத்தியாரு, பள்ளத்துல பறந்து பறந்து போறாரு. ஒரு பேச்சுக்குச் சொன்னா இந்த மனுசன் நெசமாவே தூக்கி எறிஞ்சுட்டாரே! கண்டக்டரே, நீங்க ஏன் சிரிக்கறீங்க? உங்களுக்குப் பத்தாவது போகப்போற மக இருக்குதா?

இனி மாஷைக் கூப்புட எனக்கு வாய் வருமா? கெழங்கைக் குடுத்துப்போட்டு, அந்த மனு என்ன மனுன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டு வரோணும். அது பெருசில்லை, அந்த மனுசன் அதுக்கும் சிரிப்பாரு. ஊட்டுக்குப் போயி அவகிட்டச் சொல்லோணுமுங்க. மாஷ் வரலை கண்ணு. அங்க ஒரு புள்ளை இருக்குது, அதுக்கு வேணுமாம்னு. அப்பறம், உங்கப்பன் அன்னைக்கு எழுதுனது பாராட்டில்லைன்னும். மடியில வெச்ச கையை எடுத்துருவா. எடுத்துட்டு, ஏன்னு கேப்பா. முத்தாத்தாளை நான் பாத்துக்கறேன், பாடம் இல்லீன்னாலும் படிப்பு நிக்காதுன்னு சொல்லிப்போடறேன். ஆனா அவ கேக்கற ஏனுக்குப் பதிலு சொல்லித்தான் ஆகோணும், பின்வாசல் வழியா ஓட முடியாது.

ஏனுங்ணா! சுவக்கீன் அண்ணா! திரும்புங்க, நான் ஒண்ணும் திட்டலை! உங்க மக பேரென்னங்க? பேரு! எட்டாவது படிக்கற புள்ளை பேரு! …பஸ்சு சத்தத்துல கேக்கலை, இன்னொருக்காச் சொல்லுங்க… ராசம்மாளா?

ராசம்மாளா. சரிங்க. என்ற மக கேப்பா, அதுக்குத்தான் கேட்டேன்.